எஞ்சின் பேச மறுத்த வசனம்

இயக்குநரின் உயிரை வாங்குவதற்கென்றே பிறந்த நடிகர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் எஞ்சின்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சிறைச்சாலையில் கைதிகளுக்குப் படம் எடுக்கப் பழக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். உள்ளே அவரவர் வழக்குத்தான் அவரவர் பட்டப்பெயர். இவர் உப்புவெளியில் யாரோ ஒருவருடைய படகிலிருந்து எஞ்சினைக் கழற்றிய வழக்கில் வந்தவர். முகம் கமராவுக்கென்றே செய்தது. அதை நம்பிக் கதாநாயகன் ஆக்கியது என் பிழை.

முதல் நாள், கமராவைக் கண்டதும் மனிதர் சுவரோடு ஒட்டி நின்றார். நேரே பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். பொலிஸ் நிலையத்தில் படம் பிடித்த பழக்கம். பழக வந்த மற்ற எட்டுக் கைதிகளும் வரிசையாக வந்து அப்படியே செய்தார்கள். அதை மறக்கடிக்கவே இரண்டு கிழமை போயிற்று.

பிறகு வசனம். சைக்கிள் களவெடுத்ததாகப் பழி சுமக்கும் ஓர் அப்பாவியின் கதை. அவர் சொல்லவேண்டியது ஒரே வரி: "நான் எடுக்கேல்லை."

கமரா ஓடும். எஞ்சின் நிதானமாக, "ஓம், நான்தான் எடுத்தனான்" என்பார். கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். பதினான்கு தடவை.

"அண்ணை, கதையில நீங்கள் அப்பாவி" என்றேன்.

"அந்த வசனத்தைக் கோர்ட்டில சொல்லித்தான் சேர் இங்க வந்தனான்."

கெஞ்சினேன். ஆளை மாற்றுவேன் என்று மிரட்டினேன். அசையவில்லை. வெள்ளிக்கிழமை குடும்பத்தினருக்குப் படம் காட்டவேண்டும். வியாழன் மத்தியானம் கத்தியே விட்டேன். அப்போதுதான் மெல்லச் சொன்னார். நாளைக்கு மகள் வருகிறாளாம். தகப்பனைக் கள்ளன் என்ற அயலவர்களோடு சண்டை பிடித்து, இப்போது ஊரில் ஒருவரோடும் பேச்சில்லாமல் இருக்கிறாளாம்.

"அவளிட்டையும் எடுக்கேல்லை எண்டுதான் சொன்னனான். இப்ப அவளின்ர முகத்தைப் பார்த்து மாத்திச் சொல்ல ஏலாது, சேர்."

நான் கமராவை ஓடவிட்டேன்.

"எடுத்தனான், பிள்ளை. இனி ஆரோடையும் சண்டை பிடியாதை" என்றார்.

மறுநாள் படம் நாலு நிமிடத்தில் முடிந்தது. பார்த்தவர்களில் ஒருவருக்கும் கதை விளங்கவில்லை. அவருடைய மகளுக்கு மட்டும் விளங்கியது. எழும்பிப் போய்விடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துத் தகப்பனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அவர் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, படத்தின் முடிவில் ‘வசனம்’ என்ற இடத்திலிருந்த என் பெயரை எடுத்துவிட்டு அவருடைய பெயரைப் போட்டதுதான்.