சூளகிரியில் கொடுக்காத டிப்ஸ்

யாராவது என்னிடம் காரணமில்லாமல் அன்பாக நடந்துகொண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இது ஏதாவது வியாதியா என்று என் மனைவி கேட்பாள். இல்லை, உத்தியோகம். ஓசூரில் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. எந்தச் சப்ளையர் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறாரோ, அவருடைய லோடில்தான் விரிசல் இருக்கும். பாக்ஸைத் தொடாமலே திருப்பிவிடுவேன். (முந்திரி கேக்காக இருந்தாலும்.) அந்தப் பழக்கத்தில், ஹோட்டலில் டிப்ஸ் கொடுப்பதும் லஞ்சம்தான் என்று முடிவுகட்டி, யாருக்கும் எதுவும் வைக்காமல் நிமிர்ந்த நடையோடு வெளியே வந்துகொண்டிருந்தேன்.

அந்த நடைக்கு முடிவு வந்தது என் மச்சினியின் நிச்சயதார்த்தத்தன்று. கிருஷ்ணகிரியில் பதினோரு மணிக்குத் தட்டு மாற்றவேண்டும். வீட்டார் எல்லாரும் முதல்நாளே போய்விட்டார்கள். மாமனார் மட்டும் தேன்கனிக்கோட்டையில் தங்கிவிட்டார். ராகிக் கொல்லையில் யானை இறங்குகிறது, இரண்டு ராத்திரியாகக் காவல். காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குபவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்கவேண்டியது என் பொறுப்பு. பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் தட்டு மாறாது.

காரில் ஏறியதுமே மாமனார் பின்சீட்டில் தலையணையைப் போட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். சூளகிரியில் டிபனுக்கு நிறுத்தினேன்.

சர்வருக்கு ஐம்பது வயது இருக்கும். மெரூன் சட்டை. மாமனார் ஒருமுறை இருமினார். கேட்காமலே வெந்நீர் வந்தது. “பெரியவருக்கு இட்லி சூடா எடுத்தாரேன் சார், இது ஆறிப்போச்சு” என்று தட்டை மாற்றினார். மூன்றாவது சட்னி தானாக வந்தது. பிறகு இருவரும் கன்னடத்தில் யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். (எனக்கு ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கன்னடத்தில் விலை கேட்க மட்டும் தெரியும்.) சிரிப்பு வேறு. என் உள்ளே மணி அடித்தது. மூன்றாவது சட்னி எதற்கு?

“மாப்ள, நீங்க பில்லைக் கட்டிட்டு வாங்க, நான் முன்னால போறேன்” என்று மாமனார் எழுந்து போனார்.

சோம்புத் தட்டில் பில் வந்தது. எதிரில் அதே புன்னகை. என்னால் சும்மா போக முடியவில்லை.

“தப்பா நெனைக்காதீங்க. சம்பளத்துக்கு மேல கைல காசு வாங்கினா, அதுக்குப் பேரு லஞ்சம்.”

“நான் கேக்கவே இல்லையே சார்?”

“கேக்காம கேக்கறதுதான் பெரிய தந்திரம்” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வெற்றி.

காரில் சால்வை மேடாக இருந்தது. தூக்கம் கலையாதபடி கதவை மெல்லச் சாத்தி, வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் லஞ்சம் எங்கே தொடங்குகிறது என்று மாமனாருக்கு விளக்கிக்கொண்டே போனேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் என்னை மறுத்துப் பேசவில்லை. நெகிழ்ந்துபோனேன். நடுவில் சால்வைக்குள் போன் அடித்தது. “மாமா, போனு” என்றேன். நின்றது. மறுபடி அடித்தது. யானையோடு மல்லுக்கட்டிய மனுஷன், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சற்றுநேரத்தில் கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது. விடாத ஹாரன். மெரூன் சட்டை! அவர் பின்னால், முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிய ஒரு ஆள், முஷ்டியை ஆட்டிக்கொண்டு.

ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டான்! ஒரு டிப்ஸுக்கு அடியாளா?

“மாமா, பயப்படாதீங்க. நான் இருக்கேன்” என்று சால்வைக்குத் தைரியம் சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். லாரிகளுக்கு நடுவே புகுந்து பறந்தவன், கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் வசமாகச் சிக்கிக்கொண்டேன். பைக் பக்கத்தில் வந்து நின்றது. எல்லாக் கதவுகளையும் பூட்டினேன். அடியாள் இறங்கி, கண்ணாடியில் தட்டி, துண்டை அவிழ்த்தான்.

துண்டுக்குள்ளே என் மாமனார் இருந்தார்.

நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒருவர் இருப்பார் என்று ஒரு நொடி நம்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சால்வைக்குள் இருந்தது தலையணையும் அவர் போனும்தான்.

“ஏன் மாப்ள, என்னை உட்டுட்டு யாரை ஏத்திக்கினு போறீங்க?”

பாத்ரூமிலிருந்து வந்து பார்த்தால் காரைக் காணோமாம். அந்த சர்வர்தான் தன் போனிலிருந்து மாமனார் நம்பருக்கு இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு பைக்கை எடுத்திருக்கிறார்.

பர்ஸிலிருந்து கைக்கு வந்த நோட்டை உருவி சர்வரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இது இட்லிக்கா சார், பெரியவருக்கா?”

“என்னது?”

“இட்லிக்குன்னா குடுங்க, வாங்கிக்கறேன். நல்லா கவனிச்சேன். பெரியவரைக் கூட்டியாந்ததுக்குன்னா வேணாம். அதுக்குக் காசு வாங்கினா நல்லாருக்காது.”

என் கொள்கையை என்னைவிட அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

“இட்லிக்குத்தாங்க” என்றேன்.

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாமனாரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அர்த்தத்தை நான் கேட்கவில்லை.

தட்டு நேரத்தோடு மாறியது. ஆனால் மாமனார் தாம்பூலத்தைக் கையில் வாங்குவதற்குள், மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேருக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் நான் யாருக்காவது எதையாவது கொடுத்தால் மச்சினி விடுவதில்லை: “இட்லிக்கா மாமா, பெரியவருக்கா?”

இப்போதெல்லாம் நான் டிப்ஸ் வைக்கிறேன். சந்தேகம் மாமனாருக்கு மாறிவிட்டது. எந்த ஹோட்டலிலும் பாத்ரூம் போகுமுன் அவர் என் எதிரில் வந்து உள்ளங்கையை நீட்டுவார். நான் கார் சாவியை எடுத்து அதில் வைப்பேன்.

போனமாதம் ராயக்கோட்டையில் ஒரு சர்வர் இதைப் பார்த்துவிட்டு, “என்ன பெரியவரே, டிப்ஸா?” என்றார்.

மாமனார் சாவியை மடியில் செருகிக்கொண்டே சொன்னார்: “டிப்ஸ் இல்லப்பா. ஜாமீன்.”