அநாமதேயம் ஏழு வாங்கிய ரேடியோ

இந்த உலகத்தில் இனிமேல் தன்னை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. பெரிய தீர்மானங்களை அவர் வாயில் நுரையோடுதான் எடுப்பார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியாது; அதனால் மறுப்பும் வராது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை அவருக்கு. ஊரார் பார்வையைத் திருத்துகிற மனிதர். ஒரே பலவீனம், பழைய ரேடியோ. வீட்டுப் பின்னறையில் இருபத்து மூன்று ரேடியோக்கள் இருந்தன. பாடுவது இரண்டு, அதில் ஒன்று தலையில் தட்டினால்தான் பாடும். மனைவி கணக்கு டீச்சர். சாயங்காலமானால் பதினோரு பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் விலாவில் இடிக்க, பின்னக் கணக்குப் போடுவார்கள். பின்னறையைக் காலி செய்து கொடுத்தால் வகுப்பை அங்கே மாற்றிக்கொள்கிறேன் என்று டீச்சர் மூன்று வருஷமாகக் கேட்கிறார்.

போன மாதம் இருபத்து மூன்றாவது ரேடியோ வந்த அன்று வீடு இரண்டுபட்டது. சமாதானத்துக்காகக் கண்ணாடிக்காரரே கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: "இனி ஒரு ரேடியோ வாங்கினால் பின்னறை உனக்கு." மனசார எழுதினார், பாவம். நாலு நாள் தாங்கியது.

அப்புறம் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. அவர் ஒரு தடவை ரேடியோ தேடினால் போதும், டீச்சர் வினாத்தாள் அடிக்க உட்காரும்போது விளம்பரம் வந்து பல்லைக் காட்டும்.

"ஏங்க, வட்டத்தோட பரப்பளவுக்குப் பக்கத்துல ரேடியோ வந்து நிக்குது?"

"அதுவா... இப்பல்லாம் எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் வருதாம்."

"எதிர் வீட்டுல கேட்டுட்டேன். அவங்களுக்குக் குக்கர் வருது."

இதற்குப் பிறகும் ஒரு மனிதன் சும்மா இருப்பானா? நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே இருப்பவர் மொபைல் ரிப்பேர்காரர். இந்த விஷயத்தில் கரை கண்டவர்.

"ரெண்டு பூட்டு போடணும் சார். முதல்ல வி.பி.என். அது ஒரு சுரங்கப்பாதை. நீங்க சுரங்கத்துல இறங்கினது மட்டும்தான் நெட் கம்பெனிக்குத் தெரியும், எங்க போறீங்கன்னு தெரியாது. அதுக்குள்ளயிருந்து டோர். அது வெங்காயம் மாதிரி, தோலுக்குள்ள தோல். எங்கெங்கயோ இருக்கிற மூணு கம்ப்யூட்டர் உங்களைக் கை மாத்தி விடும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஆளு, பின்னாடி ஆளு, அவ்வளவுதான் தெரியும். முழுக்கதை ஒருத்தருக்கும் தெரியாது."

"அடேங்கப்பா!"

"ஆமா, அப்படி என்ன சார் பண்ணப் போறீங்க?"

"ரேடியோ வாங்கப் போறேன்."

ரிப்பேர்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இத்தனையும் போட்டுட்டு, உள்ள போய் நீங்களே விலாசத்தைச் சொல்லிட்டா எந்த வெங்காயமும் காப்பாத்தாது."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அன்று மாலையே, பிள்ளைகள் மேஜையில் கணக்குப் போட, டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தார். பயம் எதற்கு? சுரங்கத்துக்குள் வெங்காயம். பக்கம் திறக்க ஒரு யுகம் ஆயிற்று. வேகமாக வரட்டும் என்று படங்களை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, வெறும் ஸ்கிரீனைப் பார்த்துச் சிரிக்கறீங்க?"

"உலகத்தைச் சுத்திட்டு வருதும்மா. நேரமாகும்."

பழைய சாமான் விற்கும் தளத்தில் நம் ஊரைப் போட்டுத் தேடினார். மூன்றாவது வரியில் மூச்சு நின்றுவிட்டது. நாலு குமிழ், பச்சைக் கண் எரியும் மர ரேடியோ! இருபது வருஷமாக அவர் தேடிய மாடல். விற்பவர் இருப்பது ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர் தூரத்தில் என்று தளம் சொன்னது. தான் ஏதோ வெளிநாட்டில் இருப்பதாக நினைத்துத் தளமே ஏமாந்துவிட்டதே என்று தொடையைத் தட்டிக்கொண்டார். 'அநாமதேயம் ஏழு' என்று பெயர் வைத்துக்கொண்டு கேள்வி அனுப்பினார். குமிழ் திருப்பினால் 'டக்' என்று கேட்குமா, 'டிக்' என்று கேட்குமா? பின்மூடித் திருகாணி நாலா, ஐந்தா? எல்லாவற்றுக்கும் மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. விலை பேசி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கண்ணாடிக்காரர் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. கையில் அட்டைப்பெட்டியோடு டீச்சர்.

"அநாமதேயம் ஏழுக்கு ஒரு பார்சல்."

கண்ணாடிக்காரர் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். "அப்... அப்படி இங்க யாரும் இல்லையே."

"டக்கா டிக்கான்னு கேட்கிற ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தாங்க. எனக்கு அப்பவே சந்தேகம். அப்புறம் நீங்களே இந்தக் கடை விலாசத்தை அனுப்பினீங்க. 'மனைவி வந்தால் கொடுக்க வேண்டாம்'னு வேற எழுதியிருந்தீங்க. மனைவியே கொண்டு வந்து கொடுக்கக் கூடாதுன்னு எழுதலையே."

பெரியவர் பரிசோதனைக் கண்ணாடியைக் கழற்றாமலே திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியின் மேல் கண்ணாடிக்காரரின் கையெழுத்து: 'அப்புறம் பிரித்துப் பார்க்கணும்.' நாலு வருஷத்துக்கு முன்னால் மொத்தமாக வாங்கி, பின்னறை மூலையில் போட்டு மறந்த பெட்டி.

"இது நம்ம..."

"நம்ம ரேடியோதான். தூசி தட்டும்போது கிடைச்சுது. தன்கிட்ட இருக்கிறதே தெரியாதவருக்கு எதுக்குன்னு விக்கப் போட்டேன். படத்துல நம்ம ஜன்னல் திரை கூடத் தெரியுது. சுரங்கம், வெங்காயம்னு சுத்தாம எல்லாரையும் மாதிரி தளத்தைத் திறந்திருந்தா தூரம் பூஜ்யம் கிலோமீட்டர்னு காட்டியிருக்கும்."

கண்ணாடிக்காரர் முகத்தில் சட்டென்று ஒளி வந்தது. பிடி கிடைத்துவிட்டது! "அப்போ வீட்டுக்குப் புதுசா ஒண்ணுமே வரலையே! பின்னறை என்னோடதுதான்!"

டீச்சர் கைப்பையிலிருந்து கண் பரிசோதனைச் சீட்டை எடுத்து, பெரியவரிடம் நீட்டினார். "ஐயா, இதைக் கொஞ்சம் படிங்க."

"இனி ஒரு ரேடியோ வாங்கினால் பின்னறை உனக்கு," என்று பெரியவர் தடங்கலில்லாமல் படித்தார். "புதுசா, பழசான்னு ஒண்ணும் எழுதலையே தம்பி. கண்ணாடி பிரமாதம், எல்லாம் தெளிவாத் தெரியுது."

மறுநாள் பதினோரு பிள்ளைகளும் பின்னறையில் கை கால் நீட்டி உட்கார்ந்து பின்னம் போட்டார்கள். சாப்பாட்டு மேஜையில், இருபத்து நாலு ரேடியோக்களுக்கு நடுவே, அநாமதேயம் ஏழு, விற்றவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தார். விற்றவர் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.