கடைக் கண்ணாடி முன் நிற்பவர்

தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் ஏதாவதொரு கடைக் கண்ணாடி முன் நின்று, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, உள்ளே இருக்கும் சரக்கை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்கிற ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அது பச்சைக்குழந்தைச் சட்டைக் கடை. அவர் வீட்டுக் கடைக்குட்டிக்கே மீசை முளைத்துவிட்டது. சற்றுத் தள்ளிக் குளியலறைக் குழாய்க் கடை முன்னும் நிற்பார். குழாய் வாங்கவா? இல்லை. கால் மரத்துவிட்டது, சொன்னால் மானம் போய்விடும். கேட்டால் “ஒன்றுமில்லை” என்பார். இவர்தாம் ஒன்றுமில்லைக்காரர்.

விஷயம் இவ்வளவுதான். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரும் வழி வயதாக ஆக இடுக்காகிறது. நிமிர்ந்து நடந்தால் நரம்பு நெரிபட்டுக் கால் கனக்கும், எரியும், மரக்கும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ இடம் கிடைத்து விட்டுவிடும். இதை ஒப்புக்கொள்வாரா? ஒரு சோப்பு வாங்கப் பெரிய தள்ளுவண்டி எடுத்து, அதன்மேல் சாய்ந்தபடி கடை முழுக்கப் பவனி வருவார். டாக்டர் முதுகெலும்பைப் படம் பிடித்துக் காட்டினால், “வயசானா தேயும், செருப்பே தேயுதே!” என்று தத்துவம் பேசுவார்.

இந்த இனத்தில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். “என் தம்பி வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம்!” என்று தெருவெல்லாம் பெருமையடிப்பவள் அவருடைய அக்கா, தையற்காரி. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவள். அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளிடமே ஒருநாள் வந்து எகிறினார்.

“என்னக்கா தச்சிருக்க? முன்னாடி தொங்குது, பின்னாடி தூக்குது! கண்ணு போயிடுச்சா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. சட்டையைக் கழற்றச் சொல்லி மேசையில் விரித்து அளந்தாள். முன்னும் பின்னும் மயிரிழை பிசகவில்லை.

“சட்டை நேராத்தான்டா இருக்கு. உள்ள இருக்கிற ஆளுதான் கூனிட்டான்.”

“ஒன்னுமில்லக்கா. நடந்தாத்தான் கொஞ்சம் பிடிக்கும். வண்டியில உக்காந்துட்டா நான் ராஜா.”

ராஜாவை மேலிருந்து கீழே அளந்த அக்காவின் கண் காலில் வந்து நின்றது. இடது காலில் செருப்பு. வலது கால் வெறுங்கால். கட்டைவிரல் கிழிந்து ரத்தம்.

“இன்னொரு செருப்பு எங்கடா?”

குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஆனால், இனம் விடுமா?

“காத்தாட இருக்கட்டும்னு... நான்தான் கழட்டினேன்.”

“ரத்தமும் காத்தாடத்தான் வருதாக்கும்! ஏன்டா, பிரேக்கை எந்தக் கால்ல மிதிக்கிற?”

வலது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அக்கா உள்ளங்கையை நீட்டினாள்.

“சாவி.”

“அக்கா, நாளைக்குப் பிள்ளைங்களை...”

“அதுங்களுக்காகத்தான்டா கேக்கறேன். வண்டியில கீறல் விழல, சரி. எங்க விழப்போகுதுன்னு உனக்குத் தெரியுமா?”

சாவி மேசைக்கு வந்தது. ஒற்றைச் செருப்போடு ராஜா வெளியேறி, பக்கத்துப் பொம்மைக் கடை வரை வீராப்பாக நடந்தார். அங்கே நின்றார். குனிந்தார். ஒரு கரடிப் பொம்மையை வெகுநேரம் ரசித்தார்.

சிரிக்கிறீர்கள். சரி, போன வாரம் நீங்கள் அந்தப் பூட்டுக் கடை முன் அவ்வளவு நேரம் நின்றீர்களே, பூட்டு வாங்கினீர்களா? ஒன்றுமில்லை என்கிறீர்களா? நல்லது. காலில் இரண்டு செருப்பும் இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.