குணமாகக் கூடாத கம்ப்யூட்டர்

இந்த சீசன் முடிகிற வரைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் குணமாகக் கூடாது என்று சூசைமாணிக்கம் தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த தீர்மானங்களிலேயே உழைப்பு குறைவான தீர்மானம் இதுதான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

காரணம் பெட்ஷீட். பெருமாள்மலையில் அவர்கள் வீட்டு மாடியில் இரண்டு ரூம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கு வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவது அவர் மனைவி அமலி. ஈமெயிலில் புக்கிங் எடுப்பது, காபி போடுவது, கூட்டுவது, துவைப்பது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் சிரிப்பது, எல்லாம் அமலி. பேங்கு வேலையில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்த அன்று, "இனி எல்லாத்துலயும் பாதி என் பொறுப்பு" என்றார் சூசைமாணிக்கம். எந்தப் பாதி என்று அவர் சொல்லவில்லை. கேட்காதது அமலியின் தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். ஏன், சொன்னவர் தானாகச் சொல்லக் கூடாதா?

ஊறின பெட்ஷீட் கல்லாய்க் கனக்கும். முறுக்கிப் பிழிய இந்த முனைக்கு ஒரு ஆள், அந்த முனைக்கு ஒரு ஆள் வேண்டும். மத்தியானம் மேகம் இறங்குவதற்குள் பிழிந்து காயப்போட்டால் உண்டு. இல்லையென்றால் மறுநாளும் ஈரம்தான். அந்த முனை ஆளாக இருப்பதுதான் சூசைமாணிக்கத்துக்குப் பெரும் அலுப்பு. வங்கியில் கையெழுத்துப் போட்ட கை, பெட்ஷீட் நுனியைப் பிடிப்பதாவது.

அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு நோய் வந்தது. இன்டர்நெட்டைத் திறந்தால் மேலே நாலு வரிசைக்குப் பட்டை பட்டையாக ஏதேதோ பொத்தான்கள். பார்க்க வந்த பக்கம் அடியில் ஜன்னல் இடுக்கு மாதிரி தெரிந்தது. ஒரு குரங்கு இங்கும் அங்கும் ஓடி, என்னை அடித்தால் பரிசு என்றது. ஒன்றை மூடினால் மூன்று திறந்தது. அமலி தன் மெயிலைத் திறக்கப் போனால் முகப்புப் பக்கமே மாறி, உடம்பு இளைக்க மாத்திரை விற்றது.

"நீ கண்ட சமையல் குறிப்பையெல்லாம் தொறந்து பாத்திருப்ப, அதான்" என்று உடனே தீர்ப்பு எழுதினார் அவர். மனைவி தொட்டால் கெட்டுப்போகிற மெஷின், கணவன் தொட்டால் மட்டும் ரிப்பேர் ஆகிவிடுமாம். இப்படி எந்தப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது? கிரிக்கெட் ஸ்கோர் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், இலவசம் என்று எங்கேயோ பார்த்து, ஒரு எழுத்துகூடப் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சம்மதம் என்று அமுக்கிக்கொண்டே போனது யார்? சாட்சாத் அவரேதான். அந்த ஸ்கோரோடு சேர்ந்து பட்டைகளும் குரங்கும் குடும்பத்தோடு குடிவந்துவிட்டன.

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதலில் அவர் உண்மையாகவே வைத்தியம் பார்த்தார். கன்ட்ரோல் பேனலுக்குப் போய் பட்டைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நாலும் திரும்ப வந்து நின்றன. யோசித்தார். 'உதவியாளன்' என்று நல்ல பிள்ளை மாதிரி பேர் வைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் உள்ளே இருந்தது. கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அதுவும் எழுந்து, போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. டெலிபோன் வயரைப் பிடுங்கிவிட்டு முதலில் உதவியாளனை நீக்கினார். அப்புறம் பட்டைகள். அப்புறம் அந்த ஸ்கோர். கடைசியில் முகப்புப் பக்கத்தைப் பழையபடி மாற்றினார். வயரை மாட்டித் திறந்தால் திரை அலம்பிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

அமலியைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் கொல்லையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, பெட்ஷீட் அப்படியே கெடக்கு. வெரசா வந்து ஒரு கை பிடிங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டார். திரையைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். பிறகு நிதானமாக அந்த இலவச ஸ்கோரை மறுபடியும் இறக்கினார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், சம்மதம். குரங்கு துள்ளிக்கொண்டு வந்தது.

"இப்ப எந்திரிச்சா பாத்த வேலையெல்லாம் போயிரும் அமலி. வைரஸ் உள்ள வேர் விட்டுருக்கு" என்று குரல் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க இதே வைத்தியம். காலையில் காபியோடு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். அவள் வருகிற சத்தம் கேட்டால் முகத்தைச் சுளித்து நாலு தட்டுத் தட்டுவார். போன சத்தம் கேட்டால் சீட்டாட்டம். அமலி பெட்ஷீட்டின் ஒரு முனையைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு மறுமுனையைத் தானே முறுக்கினாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய குடும்பம் இரண்டு ரூமையும் சேர்த்துக் கேட்டு எழுதியிருந்தது. பதில் போடாவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அதற்காக ஈரக் கையோடு பஸ் ஏறி, மேலே மலை டவுனுக்குப் போய், நெட் சென்டரில் காத்திருந்து மெயில் பார்த்து, அங்கிருந்த பையனிடம் ஏதோ விசாரித்துவிட்டுத் திரும்பினாள். வீட்டில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் வைத்தியர், பெண்சாதி மட்டும் பஸ் ஸ்டாண்டில். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அலுப்பில் பேசவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, நண்பர் ஆக்னல் வீட்டில் அன்பியம். பக்கத்துக் குடும்பங்களெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி செபம் சொல்லி, கடைசியில் அவரவர் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். ஒருத்தர் மகள் பரீட்சைக்கு, ஒருத்தர் முழங்கால் வலிக்கு மன்றாடினார்கள். அமலி முறை வந்தது.

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் சொகமாகணும். இவரு ராப்பகலா அதுகூடப் போராடுறாரு. அவருக்கு ஞானத்தக் குடுக்கணும்னு ஆண்டவரை மன்றாடுகிறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். சூசைமாணிக்கமும் சொல்ல வேண்டியதாயிற்று. வாய் கேட்டருளும் என்றது, மனசு வேண்டாம் என்றது.

ஞாயிறு பூசை முடிந்து, பஜாரில் கதை பேசிவிட்டு அவர் வீடு திரும்பியபோது திரை பளிச்சென்று இருந்தது. பட்டை இல்லை, குரங்கு இல்லை. கன்ட்ரோல் பேனலுக்குள் போய்த் தேடினார். உதவியாளனையும் காணோம்.

அமலி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சொல்லாமலே சரி பண்ணிட்டீங்களே. தொறந்து பாத்தேன், மெயிலு கடகடன்னு வருது. கோயம்புத்தூர்க்காரங்க மறுபடி கேட்டதுக்கும் பதில் போட்டுட்டேன்."

நான் பண்ணவில்லை என்று சொல்ல முடியுமா? அப்படியென்றால் இத்தனை நாள் என்ன பண்ணினீர்கள் என்று கேள்வி வரும். தொண்டையைச் செருமினார்.

"ஆமா. கடைசியில பிடி கெடச்சிருச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதியா அது? டீக்கடையில் சொன்னார். ஆக்னலிடம், உதவியாளனைத் தான் பொறிவைத்துப் பிடித்த கதையை வயரைப் பிடுங்கியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். பாதிக் கதை நிஜம் என்பதால் மீதிப் பாதியும் சரளமாக வந்தது. துவைக்கும் கல்லுக்கு வராமல் இருக்க வேறு நோய் ஒன்று யோசிக்க வேண்டும், முதுகுவலி நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

அடுத்த வெள்ளி அன்பியம். நன்றி சொல்லுகிற நேரத்தில் அமலி எழுந்து நின்றாள்.

"ஆண்டவரு எங்க மன்றாட்டைக் கேட்டாரு. கம்ப்யூட்டரை இவரே சரி பண்ணிட்டாரு. அது சரியானா சீசன் முடியிற வரைக்கும் ரூம் துணியெல்லாம் ஒத்த ஆளா தொவைக்கிறேன்னு இவரு நேந்துக்கிட்டாரு. அந்த நேர்ச்சைய நல்லபடியா நிறைவேத்த அவருக்குச் சக்தி குடுக்கணும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். வழக்கத்தைவிடச் சத்தமாக. நேர்ச்சையை இல்லை என்று சபையில் சொல்ல எந்தக் கிறிஸ்தவனுக்கு நாக்கு வரும்? பெண்கள் அமலியைப் பொறாமையோடு பார்த்தார்கள். பிறகு அவரவர் புருஷனைப் பார்த்தார்கள். ஆக்னல் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது பனி இறங்கியிருந்தது. சூசைமாணிக்கம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் அமலி, நான் எப்ப நேந்துக்கிட்டேன்?"

அமலி நடையை நிறுத்தாமலே சொன்னாள்.

"நீங்க கம்ப்யூட்டரை எப்ப சரி பண்ணீங்களோ, அப்பதாங்க."