எம்ரிஸை லண்டனுக்கு அனுப்பிய ஆடு

பிரின் கோச் பண்ணை,
வடக்கு வேல்ஸ்,
புதன்கிழமை காலை.

கடல் தாண்டி நம் ஊர்க்காரர்களோடு பட்டகோனியா தேசத்தில் குடியிருக்கும் அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா குவென்னோவுக்கு, உன் தம்பி ராபட் ரோலண்ட்ஸ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரி கத்ரினும் இரண்டு பசுக்களும் நாய் மோட்டும் மலையில் உள்ள ஆடுகளும் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதம் கப்பலேறி உன் கைக்கு வந்து சேர்வதற்குள் இங்கே ஆடுகள் குட்டி போட்டு முடித்திருக்கும். ஆனாலும் சொல்லப்போகிற செய்தி ஆறிப்போகாது. எங்கள் மகன் எம்ரிஸ் தேர்தலில் ஜெயித்துவிட்டான். உன் மருமகன் இப்போது பார்லிமெண்ட் உறுப்பினர். இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போ.

பழைய பேச்சு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எம்ரிஸுக்கு அப்போது ஐந்து வயது. போதகர் தேநீருக்கு வந்திருந்தார். தட்டில் வைத்த திராட்சை ரொட்டியில் பாதியைக் காணோம். போதகர் சிரித்துக்கொண்டே, "நீதானே சாப்பிட்டே?" என்று கேட்டார். இவன் உதட்டில் திராட்சை ஒட்டியிருக்க, "நீங்க கண்ணால பாத்தீங்களா, ஐயா?" என்றான். "பாக்கலையே" என்றார் அவர். "அப்ப எப்படிச் சொல்றீங்க?" என்றான். நீ அவன் காதைத் திருகி, "ராபட், இந்த வாய் ஒருநாள் கோர்ட்டுலதான் போய் நிக்கும், எழுதி வச்சுக்கோ" என்றாய். எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. நீ சொன்னபடியே போய் நின்றது. ஆனால் கூண்டில் இல்லை. கறுப்பு அங்கி போட்டு, குதிரை மயிரில் செய்த பொய்முடி வைத்துக்கொண்டு, நீதிபதிக்கு எதிரே நின்றது.

அதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாரிஸ்டர் ஆவதற்கு லண்டனில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? சாப்பிட வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன். சட்டம் படிப்பது ஒரு பக்கம் இருக்க, அவர்களுடைய பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து இத்தனை இரவு விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதி. 'அப்பா, இன்னும் பன்னிரண்டு சாப்பாடு பாக்கி, முடிந்ததும் நான் பாரிஸ்டர்' என்று எழுதினான். அந்த மூன்று வருஷமும் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் என்ன பண்றான் ராபட்?" என்று கேட்பார்கள். நான் பொய் சொல்லாதவன், சபையில் மூப்பன் வேறு. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை. கத்ரின் மட்டும், "சாப்பாட்டுக்கு அவ்வளவு தூரம் எதுக்குங்க போகணும், நான் போட மாட்டேனா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பையன் அங்கேயே தங்கிவிடுவானோ என்கிற பயம். எனக்கும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

இனி ஆட்டு வழக்குக்கு வருகிறேன். போன கடிதங்களில் எழுதியிருக்கிறாயே என்று நீ சொல்வாய். எழுதியிருக்கிறேன்தான், இருந்தாலும் கேள். ஆறு வருஷம் முன்னால் பெரும்பனி பெய்ததே, அது உருகின பிறகு ஆற்றங்கரையில் ஒரு பெட்டை ஆடு உயிரோடு நின்றது. காதில் பண்ணைக்குப் பண்ணை நாம் போடும் வெட்டு அடையாளத்தைப் பார்க்கலாமென்றால், நரியோ நாயோ இரண்டு காதையும் கிழித்திருந்தது. நான் என்னுடையது என்றேன். பக்கத்து ஹவோட் பண்ணை டாவித் பியூ தன்னுடையது என்றான். உனக்குத்தான் அவனைத் தெரியுமே, கழுதைப் பிடிவாதம். நானும் விடவில்லை. வழக்கு டோல்வென் ஊர் கோர்ட்டுக்குப் போயிற்று. எம்ரிஸ் பாரிஸ்டராகி ஒரு வருஷமாகியும் ஒரு வழக்கும் கிடைக்காமல் லண்டனில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதல் வழக்கு அப்பன் வழக்காக அமைந்தது. தோற்றால் ரயிலேறிப் போய்விடுவான், அப்புறம் கிறிஸ்துமஸுக்குத்தான் முகம் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் எழுந்து நின்றான் அக்கா. நீதிபதி தெற்கிலிருந்து வந்தவர், ஆட்டைத் தட்டில் மட்டுமே பார்த்தவர். எம்ரிஸ் சொன்னான்: "ஐயா, எங்க மலையில வேலி கிடையாது. ஆடு எந்த மலையில அம்மா பக்கத்துல நின்னு மேஞ்சுதோ, சாகிற வரைக்கும் அந்த மலைதான் அதுக்கு வீடு. நூறு மைல் தள்ளி விட்டாலும் அங்கேதான் வரும். மனுஷன் சாட்சி மாறுவான், ஆடு மாறாது. கல் பாலத்துக்கிட்ட அதை அவிழ்த்து விடுங்க. இடது பாதை எங்க அப்பா மலை, வலது பாதை பியூ மாமா மலை. அது எங்கே போகுதோ அதுதான் தீர்ப்பு." கோர்ட்டே அசந்துபோனது. அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சோதனை, நாய்களை எல்லாம் கட்டிப்போட வேண்டும், இரண்டு கட்சியும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

அந்த வியாழக்கிழமை பள்ளத்தாக்கே பாலத்தில் கூடிவிட்டது. கத்ரின் மட்டும் வரவில்லை. "துணி துவைச்சது காயப்போடணும், நீங்க போங்க" என்றுவிட்டாள். ஆட்டை அவிழ்த்தார்கள். அது பாதை பிரிகிற இடம் வரை போய் நின்றது. வலது பக்கம் பார்த்தது. சட்டென்று உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, இடது பக்கம் திரும்பி, நம் மலைக்கு ஓடியது பார் ஓர் ஓட்டம்! நீதிபதி தொப்பியைக் கழற்றினார். பத்திரிகைகளில் வந்தது. அன்றிலிருந்து எம்ரிஸுக்கு வழக்கு மேல் வழக்கு, அதுவும் வேல்ஸிலேயே. அந்த ஆட்டை நான் மறுபடி மலைக்கு விடவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் கல்சுவர் வைத்த வயலில், கழுத்தில் நீல நாடா கட்டி, வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கினால் போதும், கத்ரின் அடுப்பில் இருக்கும் தேநீர்க் கெண்டியைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். பெண்களுக்குச் சட்ட விஷயத்தில் அவ்வளவாக ருசி இல்லை. பியூவோ இந்த ஆறு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலயத்தில் நான் அறிவிப்பு வாசிக்க எழுந்தால் இருமுவான்.

அந்த ஆட்டை வைத்துத்தான் அரசியல் கட்சிக்காரர்கள் தேர்தலில் நிற்கச் சொல்லி எம்ரிஸைத் தேடி வந்தார்கள். எதிர்த்து நின்றவர் பெரிய மாளிகைக் கர்னல், நம் மலை மேய்ச்சலெல்லாம் தனக்கே சொந்தம் என்கிறவர். எம்ரிஸின் சுவரொட்டியில் அவன் படம் சிறிதாகவும் ஆட்டின் படம் பெரிதாகவும் போட்டு, 'ஆட்டுக்கே தன் மலை தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா?' என்று அச்சடித்தார்கள். டோல்வென் மண்டபத்தில் பெரிய கூட்டம். எம்ரிஸ் வாய் திறந்ததும் கர்னலின் ஆட்கள் பின்வரிசையில் இருந்து "மே... மே..." என்று கத்தினார்கள். நம் பாடகர் குழு சும்மா இருக்குமா? கத்தலை அடக்க ஒரு கீதத்தைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் பாடினால் எப்படி என்று உனக்குத் தெரியாதா? கடைசி அடியைத் திரும்பப் பாடினார்கள், இன்னொரு தடவை, பிறகு பெண்கள் மட்டும், பிறகு ஆண்கள் மட்டும். இரண்டாம் தடவையிலேயே கர்னலின் ஆட்கள் மே சத்தத்தை விட்டுவிட்டு அடித்தொண்டையில் சேர்ந்துகொண்டார்கள். எம்ரிஸ் இரண்டு முறை கையைத் தூக்கினான். பாட்டுக்குத் தாளம் போடுகிறான் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள். மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும்வரை பாட்டு ஓயவில்லை. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பத்திரிகையில், 'வேட்பாளரின் உரை சுருக்கமாகவும் உள்ளத்தைத் தொடுவதாகவும் இருந்தது' என்று போட்டார்கள். பதினான்கு ஓட்டில் ஜெயித்தான். பதினான்கே பதினான்கு! பியூ வீட்டில் மட்டும் மூன்று ஓட்டு, அது கர்னலுக்குத்தான் போயிருக்கும். அதையும் மீறி ஜெயித்தான் என்பதுதான் பெருமை.

போன மாதம் லண்டன் போனேன். அவன் பார்லிமெண்டில் முதல் தடவையாகப் பேசுகிறான், மேலே பார்வையாளர் வரிசையில் நான். கத்ரின் துணியில் சுற்றிக் கொடுத்த திராட்சை ரொட்டி மடியில். கீழே என் பையன் எழுந்து, மலை மேய்ச்சல் நம்முடையது, மாளிகைக்காரருடையது அல்ல என்று ஆரம்பித்தான். அக்கா, நம் ஆலயத்தில் பிரசங்கம் சூடேறும்போது முன்வரிசையில் இருக்கிற மூப்பன் என்ன செய்வான்? அதைத்தான் செய்தேன். "ஆமென்!" என்றேன். கீழே அத்தனை தலையும் மேலே திரும்பியது. பையன் காது சிவந்துபோனது, ஆனாலும் நிறுத்தாமல் இன்னும் நன்றாகப் பேசினான். நான், "அப்படிச் சொல்லுடா என் ராசா, ஆமென்!" என்றேன். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து என் முழங்கையை மரியாதையாகப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். நம் பள்ளத்தாக்கிலிருந்து பார்லிமெண்டுக்கு உள்ளே போன முதல் ஆள் என் மகன், வெளியே தள்ளப்பட்ட முதல் ஆள் நான். இரண்டும் ஒரே நாளில், ஒரே குடும்பத்தில்.

இன்று பிற்பகல் தெற்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் படமெடுக்க வருகிறார். ஆட்டைப் பாலத்தில் அவிழ்த்துவிட்டு, அது தன் மலைக்கு ஓடுவதைப் படம் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். இந்தக் கடிதத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை நடுவே எழுந்து நின்று, உரக்க, ஒரு வரி விடாமல் வாசி. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. காற்றும் தூசியும் அடிக்கிற அந்தத் தேசத்தில் கர்த்தர் உங்கள் கோதுமையையும் குரலையும் காப்பாராக.

என்றும் உன் பெருமைமிக்க தம்பி,
ராபட் ரோலண்ட்ஸ்,
பார்லிமெண்ட் உறுப்பினரின் தகப்பன்.

பின்குறிப்பு. வியாழக்கிழமை மதியம். அக்கா, சபையில் வாசித்துக்கொண்டிருந்தால் இங்கே நிறுத்து. தண்ணீர் குடி. உட்கார்ந்துவிடு.

நேற்று ஆட்டைப் பாலத்தில் விட்டோம். அது நிற்கக்கூட இல்லை. வலது பக்கம் திரும்பி, நீல நாடா பறக்க, நேரே ஹவோட் மலைக்கு ஓடியது. இத்தனை வருஷம் காத்திருந்த ஓட்டம் அது. படக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார், அவர் பின்னால் நான். மேலே தன் வீட்டுக் கல்சுவரோரம் பியூ நின்றான். ஆடு போய் அவன் காலில் முட்டியது. போச்சு, என் பையன் கெட்டான் என்று நினைத்தேன். பியூ ஆட்டைக் கொம்பில் பிடித்துக்கொண்டு படக்காரரிடம், "ஓ, இதுவா? நான் ஓட்ஸ் போடுவேன்னு அப்பப்ப வரும் ஐயா. வெளிச்சம் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு பேசினான். "ராபட், ஆடு என்னுதுன்னு எனக்கு எப்பவும் தெரியும்ப்பா. ஆனா அன்னைக்கு உன் பையன் பேசினதைக் கேட்டப்ப எனக்கே அது உன்னுதோன்னு தோணிப்போச்சு. என் ஆட்டையே எனக்கில்லைன்னு நம்ப வச்சவன், கர்னல் கிட்டேருந்து நம்ம மலையை வாங்கித் தர மாட்டானா? என் வீட்டு மூணு ஓட்டும் அவனுக்குத்தான் போட்டோம்" என்றான். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அக்கா.

வீட்டுக்கு வந்து கத்ரினிடம் சொன்னேன். அவள் கெண்டியைப் பார்க்கப் போகவில்லை. "ஏங்க, நம்ம ஊர்ல திங்கக்கிழமைதானே துணி துவைப்பாங்க? வியாழக்கிழமை நான் ஏன் துவைச்சேன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே" என்றாள். இந்த மூப்பன் தலைக்கு அப்போதுதான் உறைத்தது. வலது பாதைத் திருப்பத்தில், முட்புதருக்குப் பின்னால், காற்றில் படபடக்கும்படி வெள்ளை விரிப்பைக் கட்டியிருக்கிறாள். ஆடு அதைப் பார்த்து மிரண்டுதான் இடது பக்கம் ஓடியிருக்கிறது. "தோத்தா பிள்ளை லண்டன்லயே இருந்துடுவான்னு பயந்தேன். இப்ப ஜெயிச்சு லண்டன் போயிட்டான், எனக்கு இது வேணும்" என்றாள்.

எம்ரிஸுக்கு எழுதவில்லை. ஆடு சாட்சி மாறாது என்று அவன் சொன்னது உண்மை, மாறியது வீட்டுக்காரி. ஆட்டைப் பியூவிடமே கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்தாயிற்று. ஆனால் படக்காரர் இன்று இரண்டு மணிக்கு மறுபடி வருகிறார், அதுவரை அது நம் ஆடு. விடிந்ததிலிருந்து கத்ரின் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். சபை மூப்பனாகிய நானும் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்து கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இன்னொரு முனையைப் பிடித்தவன் டாவித் பியூ. விரிப்பும் அவன் வீட்டுடையதுதான், நம்முடையது சின்னதாம்.