கம்பத்தில் கட்டிய பிறந்தநாள்

அரிசிப் பையை ஓங்கி அந்தப் பையனின் மூக்கில் ஒரு போடு போட்ட பிறகுதான் டொர்கிலுக்கு மூச்சே வந்தது. பின்னே? பட்டப்பகலில், டென்மார்க்கின் ரானர்ஸ் ஊர்க் கடைத்தெருவில், இரண்டு தடியன்கள் ஒரு மனுஷனை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினால் பார்த்துக்கொண்டா போவது? அந்த ஆளின் கம்பளித் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டு, வாயில் மப்ளரைத் திணித்திருந்தார்கள்.

"கட்டை அவிழ்டா!" என்று கத்தினார். ஜில்லா கோர்ட்டில் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்பில் பங்கெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்க்காரர் அவர். அந்த நாற்காலி மேல் அவருக்கு உயிர். அடுத்தவரைக் காப்பாற்ற அளவோடு அடிக்கலாம் என்கிற சட்டமும் தெரியும்.

அடித்த வேகத்தில் பை கிழிந்தது. அரிசியோடு, பால்கஞ்சிக்கு வாங்கிய பட்டைத்தூள் பாக்கெட்டும் கீழே விழுந்தது.

மூக்கைப் பிடித்திருந்தவன் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தான். "யோவ் பெரிசு! இது பிறந்தநாள்யா! இவனுக்கு இருபத்தஞ்சு ஆச்சு, இன்னும் கல்யாணம் ஆகல. கட்டிவெச்சு பட்டைத்தூள் அடிக்க வேணாமா? நீ டென்மார்க்காரன்தானே?"

டொர்கிலுக்கு மானமே போயிற்று. இருபத்தைந்து வயதில் அவரையும் இப்படித்தானே கட்டினார்கள்! தாக்குதலே இல்லையென்றால் காப்பாற்றினேன் என்று எப்படிச் சொல்வது? வெறும் அடிதடி. கேஸானால் நாற்காலி போச்சு.

"தம்பி, தெரியாம... கேஸ் கீஸ்னு போயிராதீங்க."

"மூக்கை உடைச்சிட்டு தம்பியாம்! நீங்க வந்ததுல கட்டே தளர்ந்துபோச்சு, பாருங்க."

அவமானத்தில் அவரே ஓடிப்போய்க் கயிற்றை இறுக்கினார். "படகு கட்டுற முடிச்சு. லேசுல அவிழாது."

கம்பத்துக்காரர் "ம்ம்ம்!" என்று திமிறினார்.

"கூச்சப்படுறான்," என்றான் இரண்டாமவன். "தூள் படாம, கீழ கிடக்கிற இவன் பையையும் சைக்கிளையும் எடுத்துக்கறோம். கேக்கோட வந்துடறோம். நீங்க நடத்துங்க."

டொர்கில் ஒரு சிட்டிகை மிச்சம் வைக்காமல் பட்டைத்தூளைக் கம்பத்துக்காரர் மேல் கொட்டினார். பிராயச்சித்தமாகப் பிறந்தநாள் பாட்டும் பாடினார். வழியில் போனவர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் நின்று கூடவே பாடிவிட்டுப் போனாள். கேக் மட்டும் வரவே இல்லை.

ரோந்து வந்த போலீஸ்காரி சிரித்தாள். "என்ன, இருபத்தஞ்சா?"

டொர்கிலுக்கு மனசு தாங்கவில்லை. "ஆமாம்மா. விளையாட்டுன்னு தெரியாம இவன் சிநேகிதனை அடிச்சிட்டேன். வெட்கமா இருக்கு."

"பரவாயில்ல, முதல்ல வாழ்த்துவோம்," என்று அவள் கட்டுண்டிருந்தவரின் தொப்பியைத் தூக்கினாள். மொட்டைத் தலை. அதற்குக் கீழே, வெள்ளைத் தாடி. மப்ளரை உருவியதும் அலறல் வந்தது.

"இருபத்தஞ்சா? எனக்கு அறுபத்திரண்டுய்யா! பேரன் எடுத்தவன்! அந்தத் திருட்டுப் பசங்க யாருன்னே எனக்குத் தெரியாது!"

டொர்கிலுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. "அப்போ... நான் அடிச்சது சட்டப்படி சரிதானேம்மா?"

கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிச்சது ரொம்ப சரிங்கய்யா, அதுக்குக் கேஸே கிடையாது. இந்த முடிச்சை யாரு போட்டது?"