கட்டைவிரல் மெம்பர்

உலகத்தில் கட்டைவிரல் மெம்பர் என்றொரு இனம் உண்டு. வாட்ஸ்அப் குரூப் எதுவானாலும் அங்கே இருப்பார். வாயைத் திறக்க மாட்டார். யார் எதைப் போட்டாலும், கல்யாணமோ கருமாதியோ, உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ரசத்தைத் தாளிக்கப் போய்விடுவார். அப்படி ஒருவரைப் பிடித்துவந்து உங்களுக்குக் காட்ட வேண்டுமா? எதற்கு அலைச்சல்? நானே இருக்கிறேன்.

என் பேத்தி ரஞ்சனி திருவானைக்காவலில் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு குரூப். அது இருப்பது என் போனில். நாலு நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து கட்டுரை எழுதுவார்களாம். இவள் எழுதியதை அனீஸ் என்றொரு பையன் தன் வீட்டிலிருந்தே திருத்துவானாம். கடைசியில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, ஸ்கூல் முழுக்கக் கேட்குமாம். எனக்கோ அனா ஆவன்னாவே தெரியாது. அதற்காக, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையா? மணி அடிக்க அடிக்க அமுக்கினேன். குரூப்பை நடத்தும் லிசி டீச்சருக்கு என்மேல் தனிப் பிரியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

காவிரிப் பாலத்தைப் பற்றிய கட்டுரையைப் பத்து நாளாகக் கண்ணாடி முன் நின்று படித்துப் பழகிக்கொண்டிருந்தாள் ரஞ்சனி. சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தவள் கத்தினாள்.

“அப்பாயி, என்ன பண்ணி வச்சிருக்க? அனீஸ் படிக்கட்டுமா, எல்லாருக்கும் சம்மதமான்னு மிஸ் கேட்டிருக்காங்க. மொதக் கட்டவெரலு நம்ம வீட்டுது!”

“முந்திக்கிட்டேன்ல?”

“படிக்க வேண்டியது நான், அப்பாயி!”

அழுதாள். சோறு வேண்டாம் என்றாள். போன் தானாக அமுக்கிக்கொண்டது என்று சாதித்தேன். அதைப் போனே நம்பியிருக்காது. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை அழுத்தினாலும் பதியாத என் விரல், இதில் மட்டும் தொட்டவுடன் பதிந்து தொலைத்தது.

கடைசியில் மைக் படத்தை அமுக்கிப் பேசினேன். “டீச்சரம்மா, அமுக்குனது நான்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ள ஆசையா இருக்குங்க...” நாற்பது வீட்டுக்கும் என் படிப்பு தெரிந்தால் தெரியட்டும் என்று முழுசாக இரண்டு நிமிஷம்.

மூச்சு விடுவதற்குள் பதினோரு கட்டைவிரல்! இரண்டு நிமிஷப் பேச்சைப் பத்து நொடியில் கேட்டு முடித்த காதுகள் எந்தக் கடையில் விற்கின்றன? அதில் ஒரு வக்கீலம்மா. ஒரு பேங்க் ஆபீசர். லிசி டீச்சருடையதும் உண்டு என்றாள் ரஞ்சனி.

கடைசிவரை கேட்டவன் அனீஸ் ஒருவன்தான். போன் செய்தான்.

“பாட்டி, நானா படிக்கணும்? எனக்கே இப்பதான் தெரியும்! நானும் பார்க்காமத்தான் அமுக்கிட்டேன். ரஞ்சனியே படிக்கட்டும், மிஸ்கிட்ட நான் பேசிக்கறேன்.”

ரஞ்சனிதான் படித்தாள். நானும் ஸ்கூலுக்குப் போய் உட்கார்ந்தேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விரலை மடக்கி வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன்.

நான் எழுத்துத் தெரியாமல் அமுக்கியவள். அதற்கு மன்னிப்பு உண்டு. படித்தவர்களே, இன்று காலையிலிருந்து நீங்கள் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறீர்கள் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.